நடுங்கும் கையும் நமது கடனும்

கையின் பெருமையைப் பேசாத முற்போக்காளர் எவருமிலர். விலங்கு நிலையிலிருந்து மனிதனை உயர்த்தியது உழைப்பே என்பதையும், மனிதக் கையை இன்றைய நிலைக்குச் செதுக்கியதும் அவ்வுழைப்பே என்பதையும் விளக்கி பிரெடெரிக் ஏங்கெல்ஸ் 1876ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை நம்மிற் பலருடைய சிந்தனைக்குத் தொடக்கமாய் அமைந்தது. நமது மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் உயர்ந்து நிற்கும் சின்னம் இறுகப் பொத்திய ஒரு கையே. ஏர் பிடிக்கும் கை, கொழுந்து பறிக்கும் கை, வலை இழுக்கும் கை, எழுதுகோல் பிடிக்கும் கை என்று நாம் பாடியதும் எழுதியதும் கொஞ்சமல்ல.

அந்தக் கை நடுங்கத் தொடங்கினால் அதற்கு நமது சிந்தனையில் எந்த இடம்? உழைப்பே மனிதனின் பெருமை என்றால், உழைக்க இயலாத கைக்குப் பெருமை இல்லையா? இக்கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்க நேர்ந்தாலும் இரக்கத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறோம். இரக்கம் நல்லதே. ஆனால் இரக்கத்தினால் ஒரு சமுதாயக் கொள்கையை அமைத்துவிட முடியாது. எனவே இக்கேள்வியை இங்கு சற்று நின்று ஆராய விரும்புகிறோம்.

நாம் நன்கறிந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதியவர். ஊரில் அவரிடம் எழுத்துப் படிக்காத குடும்பம் அரிது. இளைப்பாறிச் சில ஆண்டுகளின் பின், ஓய்வூதியப் பணம் எடுப்பதற்காக வங்கிக்குப் போனார். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று படிவம் திரும்பிவந்தது. முன்பு பெரிதாகவும் அழகாகவும் இருந்த கையெழுத்து, எறும்பு ஊர்ந்தது போலச் சிறுத்துக் குறுகியிருந்தது. மூன்றாம் முறையும் திரும்பிவந்தபோது, அவரிடம் படித்த பிள்ளையாகிய எழுதுவினைஞர் சங்கடத்துடன் சொன்னார்: “மாஸ்ரர், இது உங்கடை கையெழுத்து மாதிரி இல்லையே.” ஆசிரியர் சொன்ன பதில் இது: “தம்பி, கை என்ரைதான். ஆனால் சொன்னபடி கேக்குதில்லை.”

கையெழுத்து இவ்வாறு சிறுத்துப்போவது பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்பது அன்று அவ்விடத்தில் நின்ற எவருக்கும் தெரியாது. வீட்டாருக்கும் தெரியாது. நடை தளர்ந்ததை முதுமை என்றார்கள். முகம் உணர்ச்சியற்று இறுகியதைக் கர்வம் என்றார்கள். குரல் மங்கியதை மனக்கவலை என்றார்கள். வீதியிலே தள்ளாடியபோது, ஒருநாளும் மது அருந்தாத அந்த மனிதரைக் குடித்திருக்கிறார் என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறே கழிந்தன. வேறொரு நோய்க்காக வைத்தியசாலைக்குச் சென்ற நாளில், அவர் நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைக் கண்ட இளம் வைத்தியர் ஒருவரே நோயை இனங்கண்டார். மருந்து தொடங்கிய சில வாரங்களில் ஆசிரியர் தம் சட்டைப் பொத்தானைத் தாமே பூட்டினார். நோய் தீரவில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் அனுபவித்த இழிவு, நோய் தந்ததன்று. அறியாமை தந்தது. அறியாமைக்கு மருந்து உண்டு என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியாததா?

இந்நோயை முதன்முதல் தெளிவாக விவரித்தவர் வரலாறு, நம்மைப் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755ஆம் ஆண்டில் இலண்டனின் ஹொக்ஸ்ரன் பகுதியிற் பிறந்தவர். அங்கேயே வைத்தியத் தொழில் செய்தவர். பிரெஞ்சுப் புரட்சியின் காற்று இங்கிலாந்தில் வீசிய காலத்தில், பாராளுமன்றச் சீர்திருத்தத்துக்காகப் போராடிய இலண்டன் தொடர்புக் கழகத்தில் உறுப்பினராயிருந்தார். கைவினைஞரும் தொழிலாளரும் பெருமளவிற் சேர்ந்த அமைப்பு அது. ‘ஓல்ட் ஹியூபர்ட்’ என்ற புனைபெயரில் ஆட்சியாளரைக் கண்டிக்கும் துண்டுப் பிரசுரங்களை எழுதினார். மன்னனைக் கொல்லச் சதி நடந்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1794இல் பிரிவி கவுன்சிலின் முன் விசாரிக்கப்பட்டார். இருபத்துமூன்று ஆண்டுகளின் பின்னர், 1817இல், அதே மனிதர் நடுக்குவாதத்தைப் பற்றிய சிறு நூலை வெளியிட்டார். அந்நூல் ஆறு நோயாளரை அடிப்படையாகக் கொண்டது. அவர்களுட் சிலர் வைத்தியசாலைக்கு வந்தவரல்லர். வீதியில் அவர் கண்ணிற் பட்டவர்கள்.

வீதியிற் செல்லும் மனிதன் வளைந்தும் விரைந்தும் நடப்பதைக் கண்டு, இவன் ஏன் இவ்வாறு நடக்கிறான் என்று நின்று கேட்ட கண் அது. வாக்குரிமை அற்றவனைக் குடிமகனாகக் கண்ட கண்ணும், தள்ளாடுபவனை நோயாளியாகக் கண்ட கண்ணும் இரண்டல்ல என்று நாம் நினைக்கிறோம். மற்றவர் பாராது கடந்து சென்ற மனிதரை அவர் பார்த்தார்.

இனி, நோயின் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம். நமது மூளையின் ஆழத்தில் கருநிறமான சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்புக் கலங்கள் டொபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. உடல் அசைவுகளைத் தொடக்கவும் ஒழுங்குபடுத்தவும் அது இன்றியமையாதது. அக்கலங்கள் மெல்ல மெல்ல அழிய, டொபமின் குறைகிறது. அசைவு மந்தமாகிறது, தசை இறுகுகிறது, கை நடுங்குகிறது, பின்னர் உடலின் சமநிலையும் தவறுகிறது. மனிதனுக்கு விருப்பம் உண்டு, அறிவு உண்டு, உடலில் வலுவும் உண்டு. விருப்பத்தைச் செயலாக மாற்றும் பாலம் மட்டும் இடிந்துபோகிறது.

இதனை அறிவதற்கு நீண்ட காலம் சென்றது. சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ள்சன் 1957இல் ஒரு சோதனை செய்தார். றெசர்ப்பின் என்ற மருந்து கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்கு லெவோடோபா என்ற பொருளைச் செலுத்த, அவை எழுந்து நடமாடின. அந்த றெசர்ப்பின் எங்கிருந்து வந்தது? நமது தென்னாசிய மண்ணில் நாட்டு வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திவந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்பவர், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டொபமின் அருகியிருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டில் அந்நகரின் முதியோர் இல்லமொன்றில் இருந்த நோயாளருக்கு லெவோடோபா கொடுக்கப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்றால் நிலையான பயன் கிட்டும் என்று நிறுவினார். நமது வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையிலும் இதே லெவோடோபா இருக்கிறது என்பதையும் இங்கு குறிப்பிடலாம்.

மருந்து கிடைத்துவிட்டது, பின் எதற்கு நிபுணத்துவ வைத்தியம் என்று சிலர் கேட்கக்கூடும். இந்நோயில் மருந்து கொடுப்பது ஒரு நாளில் முடிகின்ற காரியமன்று. ஆண்டுகள் செல்லச் செல்லக் குளிசையின் பயன் விரைவில் ஓய்ந்துவிடுகிறது. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே மனிதன் மரம்போல் உறைந்துவிடுகிறான். அளவு கூடினால் உடல் தானாக நெளியத் தொடங்குகிறது. புரதம் மிகுந்த உணவுடன் குளிசையை விழுங்கினால் அது உடலிற் சேர்வது தடைப்படுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். வாந்தியை நிறுத்துவதற்காக வழக்கமாகக் கொடுக்கப்படும் மெற்றொகுளோபிறமைட் போன்ற சில மருந்துகள் இந்நோயாளரின் நிலையை மோசமாக்குகின்றன. இவற்றை அறியாத நல்ல மனம் படைத்த வைத்தியர், நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்துவிடலாம்.

மேலும், நிபுணர் என்றால் வைத்தியர் ஒருவர் மட்டுமே என்று கருதுதல் தவறு. உறைந்த காலை மீண்டும் எடுத்துவைக்கப் பழக்கும் இயன்மருத்துவர், மங்கிய குரலுக்கும் விழுங்கும் சிரமத்துக்கும் வழி காணும் பேச்சுச் சிகிச்சையாளர், வேளை தவறாது மருந்து கொடுக்கும் தாதி என அனைவருமே நிபுணர்கள். நெதர்லாந்தில் 2004இல் தொடங்கப்பட்ட பார்க்கின்சன்நெட் என்ற அமைப்பு இதனையே செய்தது. இந்நோயில் விசேட பயிற்சி பெற்ற பலதுறை ஊழியரை ஊர்தோறும் ஒரு வலையாக இணைத்தது. அதனாற் பராமரிக்கப்பட்டோரிடையே இடுப்பெலும்பு முறிவுகள் குறைந்தன என்பது ஆய்வுகளிற் காட்டப்பட்டது. அற்புதமான இயந்திரம் எதுவும் அங்கு புதிதாக இறக்கப்படவில்லை. அறிவு ஒழுங்காகப் பகிரப்பட்டது, அவ்வளவே.

இப்போது நமது கேள்விக்குத் திரும்புவோம். உழைக்க இயலாத நோயாளிக்கு இத்தகைய நுட்பமான, நீண்டகாலப் பராமரிப்பைச் சமுதாயம் எதன் பேரிற் கடமைப்பட்டிருக்கிறது?

முதலில் தோன்றும் விடை எளியது. இக்கை நேற்று உழைத்த கை. சமுதாயம் அந்த உழைப்பை உண்டது. ஆதலால் இன்று திருப்பிக் கொடுக்க வேண்டும். நமது ஆசிரியர் விடயத்தில் இந்த விடை பொருந்தும். ஓய்வூதியம் என்பதன் நியாயமும் இதுவே. ஆனால் இவ்விடை எல்லோரையும் உள்ளடக்குமா? ஹன்டிங்டன் நோய் என்றொரு பரம்பரை நோய் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தாற் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உடல் தானாகவே ஆடி நெளியும். பின்னர் அறிவும் குன்றும். பெரும்பாலும் நடுவயதில் தோன்றும் அந்நோய், சிலருக்குச் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. ஒருநாளும் கூலிக்கு உழைக்காத அச்சிறுவனுக்கு நாம் என்ன சொல்வோம்? நீ சமுதாயத்துக்கு எதையும் வழங்கவில்லை, ஆகவே உனக்கு உரிமை இல்லை என்போமா? அவ்வாறு சொன்னால், மனிதனை அவன் ஈட்டித் தரும் பயனால் மதிப்பிடும் முதலாளியின் கணக்கேட்டையே நாமும் கையில் எடுத்தவர்களாவோம்.

இரண்டாவது விடை இதனிலும் ஆழமானது. நோயாளர் உழைப்பை வழங்காதிருக்கலாம், அறிவை வழங்கியிருக்கிறார்கள். நரம்பியல் வைத்தியத்தின் வரலாற்றைப் புரட்டினால், அந்த அறிவு யாருடைய உடல்களிலிருந்து எடுக்கப்பட்டது என்பது புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்க்கின்சனின் பெயரை இந்நோய்க்குச் சூட்டியவர் பாரிஸ் நகரின் பேராசிரியர் சார்க்கோ. அவர் பணியாற்றிய சல்பெத்ரியேர் வைத்தியசாலை, ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களும் முதியவர்களும் போக்கிடமின்றி அடைந்து கிடந்த இடமாகும். 1837இல் கிளாஸ்கோ நகரில், மங்கனீசுத் தாதை அரைத்த தொழிலாளருக்கு நடையும் பேச்சும் குலைந்ததை ஜோன் கூப்பர் என்ற வைத்தியர் பதிவுசெய்தார். நாம் மேலே குறிப்பிட்ட கொட்சியாஸ், சிலி நாட்டின் மங்கனீசுச் சுரங்கத் தொழிலாளரின் நடுக்கத்தை ஆராய்ந்தவர். சுரங்கத்தின் தூசி அவர்களுடைய மூளையிற் படிந்தது. அவர்களை ஆராய்ந்ததிற் கிடைத்த அறிவு உலகின் மருத்துவ நூல்களிற் சேர்ந்தது.

இவ்வரலாற்றிலே மிகவும் சிந்திக்கத்தக்க அத்தியாயம் வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரையில் எழுதப்பட்டது. 1950களில் அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற இளம் வைத்தியர், ஏரிக்கரைச் சேரியாகிய சான் லூயிசில் மனிதர் தள்ளாடித் திரிவதைக் கண்டு முதலில் குடிகாரர் என்றே எண்ணினார். பின்னர், அது ஹன்டிங்டன் நோய் என்று உணர்ந்து 1955இல் அதனை வெளியுலகுக்கு அறிவித்தார். ஏரியிலே மீன்பிடித்து வாழ்ந்த அம்மக்களிடையே அந்நோய் உலகில் வேறெங்கும் காணாத அளவிற் செறிந்திருந்தது. அமெரிக்க அறிஞரான நான்சி வெக்ஸ்லர் 1979இல் அங்கு சென்றார். 1981 முதல் ஆண்டுதோறும் ஆய்வுக் குழுவினர் சென்றனர். பதினெண்ணாயிரம் பேருக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய வமிசாவளி வரையப்பட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குருதி மாதிரிகள் எடுக்கப்பட்டன. அக்குருதியின் துணைகொண்டு 1983இல் நோய்க்குரிய மரபணு நான்காம் நிறமூர்த்தத்தில் இருப்பது அறியப்பட்டது. 1993இல் மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டது. மனித மரபணு ஆராய்ச்சியில் அது ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை.

அக்குருதியைக் கொடுத்தவர்களோ தொடர்ந்தும் தகரக் குடிசைகளிலேயே வாழ்ந்தனர். ஆய்வுக் குழுவினர் அவர்களை மறந்துவிட்டனர் என்று கூறுதல் நீதியன்று. 1999இல் அங்கு நோயாளருக்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. உணவும் பராமரிப்பும் வழங்கப்பட்டன. வெக்ஸ்லரும் வெறும் பார்வையாளராய் அங்கு சென்றவர் அல்லர். அவருடைய தாயார் இதே நோயினால் 1978இல் இறந்தார். தமக்கும் அந்நோய் வந்துவிட்டதை வெக்ஸ்லர் 2020இல் உலகுக்கு அறிவித்தார். ஆகவே இங்கு நல்லவர், தீயவர் என்று மனிதரைப் பிரிப்பதாற் பயனில்லை. அநீதி அமைப்பில் இருக்கிறது. ஹன்டிங்டன் நோயின் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் டியூற்றெற்றாபெனசின் என்ற புதிய மருந்துக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்கு அதன் விலை பல்லாயிரம் டொலராயிருந்தது. அதே காலத்தில் வெனிசுவேலாவின் பொருளாதாரம் சரிந்து, உணவும் சாதாரண மருந்துகளும்கூட அங்கு அருகிப்போயின. 2017 மே மாதத்தில், தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஹன்டிங்டன் நோயாளர் குடும்பங்களைப் பாப்பரசர் பிரான்சிஸ் உரோமாபுரியிற் சந்தித்தார். இனி மறைந்திருக்க வேண்டாம் என்பதே அந்நிகழ்ச்சியின் முழக்கமாயிருந்தது. மறைப்பு நீங்கியது நல்லதே. மருந்து எட்டுவதற்கு அது மட்டும் போதாது.

நிலத்தின் விளைச்சலை ஒருவன் கொண்டுபோக, உழுதவன் பட்டினி கிடப்பதைச் சுரண்டல் என்கிறோம். குருதியிலிருந்து விளைந்த அறிவு ஒருபுறம் சேர, குருதி கொடுத்தவன் மருந்தின்றி வாடுவதற்கு வேறு பெயர் உண்டா? இவ்வாறு நோக்கும்போது, நோயாளருக்குச் செய்யும் பராமரிப்பு தானமன்று, பழைய கடனைத் தீர்ப்பது என்பது தெளிவாகிறது.

ஆயினும் இந்த விடையும் முற்றிலும் போதுமானதன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சான் லூயிஸ் வாசி குருதி கொடுத்தான். உலகம் அவனுக்குக் கடன்பட்டது. குருதி கொடாத நோயாளி எங்கோ ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறான். அவனை எந்த ஆய்வாளரும் கண்டதில்லை. அவனுக்கு உரிமை இல்லையா? உழைப்பைக் கொடுத்தாய், அதனால் உரிமை என்பதும், அறிவைக் கொடுத்தாய், அதனால் உரிமை என்பதும் ஈற்றில் ஒரே தராசின் இரு தட்டுகளே. இரண்டும் கொடுக்கல் வாங்கலை அளவுகோலாகக் கொள்கின்றன. கடன் என்னும் வாதம் செல்வ நாடுகளையும் மருந்துக் கம்பனிகளையும் பொறுப்புக் கூறவைக்கும் வலுவான வாதம். ஆனால் மனிதனுடைய உரிமையின் கடைசி அடித்தளம் அதுவாக இருக்க முடியாது.

அடித்தளம் தேவையே. சுவையான செய்தி என்னவெனில், இதனை நாம் எங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்து மார்க்ஸ் 1875இல் எழுதிய குறிப்புகளிலே இது உண்டு. சமுதாயத்தின் மொத்த விளைவை உழைத்தோருக்குப் பங்கிடுவதற்கு முன்பே, பள்ளிகள், சுகாதாரம் போன்ற பொதுத் தேவைகளுக்கும், உழைக்க இயலாதோருக்கும் உரிய பகுதியை எடுத்துவைக்க வேண்டும் என்று அவர் வாதித்தார். பங்கிட்டபின் எஞ்சியதிலிருந்து போடும் பிச்சையன்று அது. முதலில் எடுத்துவைக்கப்படும் பங்கு. உழையாதவனுக்கு உணவில்லை என்ற முழக்கம் உழைக்க மறுத்த சோம்பேறிச் செல்வனை நோக்கி எழுந்தது. உழைக்க இயலாத நோயாளியை நோக்கி அதனைத் திருப்புவது அம்முழக்கத்துக்குச் செய்யும் துரோகம்.

ஏங்கெல்ஸ் போற்றிய கையும் தனியொருவனின் கையன்று. ஒரு கை மற்றொரு கையைத் தாங்கியதாலேயே மனித சமுதாயம் உருவாயிற்று. உழைப்பு மனிதனை மனிதனாக்கியது என்றால், உழைப்பு எப்போதும் கூட்டுழைப்பாக இருந்ததே அதன் காரணம். நடுங்கும் கையைப் பிடித்துக்கொள்ளும் மற்றக் கையும் உழைக்கும் கையே. அவ்வுழைப்பை நாம் உழைப்பென்று கணிப்பதில்லை. ஏனெனில் அது பெரும்பாலும் மனைவியின் கை, மகளின் கை, மருமகளின் கை. இரவில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும், கஞ்சியைப் பொறுமையாய் ஊட்டுவதும், குளிசைக்கு வேளை பார்த்திருப்பதும் கூலியற்ற வேலை. அவ்வேலைக்காகத் தொழிலை விட்ட பெண்கள் எத்தனையோ பேர். நிபுணத்துவப் பராமரிப்பு இல்லாத இடத்தில் பராமரிப்பே இல்லை என்பதல்ல. முழுச் சுமையும் ஒரு பெண்ணின் தோளில் இறங்குகிறது என்பதே பொருள்.

இனி, நேர்மையான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். “வறிய நாடுகளில் குழந்தைகள் போஷாக்கின்றி வாடுகின்றன. சிறுநீரக நோயும் நீரிழிவும் பெருகுகின்றன. தீர்க்க முடியாத ஒரு நோய்க்காக நிபுணர்களை உருவாக்குவது ஆடம்பரமல்லவா?” இப்படிக் கேட்பவர் கொடியவரல்லர். பற்றாக்குறையில் எதை முதலிற் செய்வது என்பது உண்மையான ஒழுக்கப் பிரச்சினையே.

நாம் மூன்று விடைகள் கூறுவோம். முதலாவது, தொகை சிறிதன்று. 2019ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்க்கின்சன் நோயுடன் வாழ்ந்தனர் என்றும், இருபத்தைந்து ஆண்டுகளில் அந்நோய் இருமடங்காகிவிட்டது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணித்தது. அதே நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, செல்வ நாடுகளில் இலட்சம் பேருக்கு ஏழு நரம்பியல் நிபுணர்கள் இருக்க, மிக வறிய நாடுகளில் பத்து இலட்சம் பேருக்கு ஒருவரே இருந்தார்.

இரண்டாவது, தேவையானவற்றுட் பெரும்பகுதி விலை உயர்ந்ததன்று. மூளையினுள் மின்முனை பதிக்கும் சத்திரசிகிச்சை 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபிட் என்பவர் வளர்த்தெடுத்த அரிய முறை. அதனை நாளைக்கே எல்லா ஊர்களிலும் வைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. லெவோடோபாக் குளிசை அத்தியாவசிய மருந்துகளின் உலகப் பட்டியலில் உள்ளது. அதன் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அது வேளைக்குக் கிடைக்க வேண்டும். அதை எவ்வாறு கொடுப்பது என்று தெரிந்த தாதி ஒருவர் மாவட்ட வைத்தியசாலையில் இருக்க வேண்டும். உறைந்த நடைக்குப் பயிற்சி தரத் தெரிந்த இயன்மருத்துவர் ஒருவர் வேண்டும். நிபுணரை அரிய மனிதராகப் பேணுவது ஒரு வழி. நிபுணத்துவத்தைப் பொதுச் சொத்தாக்குவது மறுவழி. நாம் இரண்டாவதையே கேட்கிறோம்.

மூன்றாவது, தீர்க்க முடியாதது என்பதாற் பராமரிக்க வேண்டியதில்லை என்ற முடிவு வராது. அவ்வாறாயின் நீரிழிவுக்கும் மருந்து கொடுக்கலாகாது. முதுமைக்கும் துணை நிற்கலாகாது. மனிதன் தன் பொத்தானைத் தானே பூட்டுவதும், தன் பெயரைத் தானே எழுதுவதும் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். அவற்றை இழந்தவனிடம் கேட்டுப் பார்த்தால் அவை சிறியனவல்ல என்பது தெரியும்.

நமது இலங்கைக்கு இதில் விசேட பொறுப்பு உண்டு. கட்டணமின்றிக் கல்வியும் வைத்தியமும் பெறும் உரிமையை நமது மக்கள் போராடிப் பெற்றார்கள். இங்குள்ள வைத்தியரை உருவாக்கியது இலவசக் கல்வி. அதாவது தோட்டத் தொழிலாளியும் மீனவனும் விவசாயியும் செலுத்திய வரி. அவ்வாறிருந்தும், நரம்பியல் நிபுணர்கள் பெரிய வைத்தியசாலைகளிலேயே கூடியிருக்கின்றனர். தூரக் கிராமத்து நோயாளி விடியுமுன் பஸ் ஏறி வந்து, கிளினிக்கில் வரிசையிற் காத்திருந்து, மருந்தின் வேளை தவறி, உறைந்துபோய் அமர்ந்திருக்கும் நிலை எவருக்கும் புதிதன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் பரவியது. மருந்தைத் திடீரென நிறுத்தலாகாத நோயாளிக்குத் தட்டுப்பாடு என்ற சொல் என்ன பொருள் தரும் என்பதை மேலே கூறினோம். அந்நியச் செலாவணிக் கணக்கில் தவறிய ஓர் எண், ஒரு மனிதனின் உடலில் அசைவற்ற நாளாக வந்து முடிகிறது.

நோயின் தோற்றுவாயையும் நாம் மறக்கலாகாது. மங்கனீசுத் தூசி நடுக்கத்தை உண்டாக்கியது போலவே, பூச்சிகொல்லி, களைகொல்லி நஞ்சுகளுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் சுட்டுகின்றன. பிரான்சு 2012இல் பூச்சிகொல்லிகளுடன் தொழில் செய்த விவசாயிகளுக்கு வரும் இந்நோயைத் தொழில்சார் நோயாக ஏற்று நட்டஈட்டுக்கு வழி செய்தது. பரக்குவாட் என்ற களைகொல்லியை, அதனை அருந்தி உயிர் மாய்ப்போரைக் காப்பதற்காக, நமது நாடு பல ஆண்டுகளுக்கு முன்பே படிப்படியாகத் தடைசெய்தது. அத்தடை நன்று. ஆனால் நஞ்சு தெளிக்கும் விவசாயியின் கை பின்னர் நடுங்கினால், அது அவன் விதியா, தொழிலின் விளைவா என்று விசாரிக்கும் வழக்கம் இங்கு இன்னும் வேரூன்றவில்லை. விதி என்று சொல்வது எளிது. விதிக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை.

2022இல் உலக சுகாதாரப் பேரவை, 2031 வரையான பத்தாண்டுகளுக்கு நரம்பியல் நோய்கள் பற்றிய செயற்றிட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. தீர்மானங்கள் கடதாசியில் உள்ளன. அவற்றைக் கிராமத்து வைத்தியசாலையின் மருந்து அலுமாரிக்குக் கொண்டுவருவது மக்கள் கோரிக்கையாலன்றி நடவாது. தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இளைப்பாறிய உறுப்பினரின் நீண்டகாலப் பராமரிப்பையும் சேர்க்கலாம். தாதியர் பயிற்சியில் இந்நோய்களுக்குரிய இடத்தைக் கோரலாம். பாடசாலைகளிலே நோயைப் பற்றிய நாலு உண்மைகளைக் கற்பித்தால், வீதியில் தள்ளாடும் முதியவரைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள் குறைவர்.

நமது ஆசிரியர் இன்றில்லை. மருந்து பயன் தந்த ஆண்டுகளில் அவர் மாலை நேரங்களில் அயற்பிள்ளைகளுக்கு மீண்டும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். குளிசையின் வேளை ஓய்ந்து கை உறைந்ததும், வெண்கட்டியை ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்து எழுதச் சொல்வார். அவர் சொல்ல, பிள்ளை எழுதும். கணக்கு நின்றுபோனதில்லை. உழைப்பு யாருடையது, உதவி யாருடையது என்று அங்கு எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அத்தகைய ஏற்பாடு ஒரு திண்ணையில் இயலுமானால் ஒரு நாட்டிலும் இயலும். அதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் உண்டு, மருந்தும் உண்டு. அவற்றை எல்லோருக்கும் உரியனவாக்கும் உறுதியே இனித் தேவை. அவ்வுறுதியை வளர்ப்பது ஆசிரியரும் மாணவரும் முதலில் ஏற்கவேண்டிய பணியாகும்.